பிரேக்குக்கு ஒரு எலுமிச்சம்பழம்

வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஸ்டியரிங்கைத் திருப்புவது ரேஸா, ரேஸ் இல்லையா? இந்தக் கேள்வியை இனிமேல் என்னிடம் யாரும் கேட்க வேண்டாம். இரண்டு வருடமாக என் மச்சானுக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். சுங்கை பட்டாணியில் டயர் கடை வைத்திருக்கிறார். தெற்கே பெரிய சர்க்யூட்டில் எந்த ரேஸ் நடந்தாலும் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிடுவார். நாள் முழுக்க வெயிலில் வெந்து, கத்திக் கத்தித் தொண்டை கட்டி, மறுநாள் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து சைகையில் கதை சொல்லுவார். அவரைப் பொறுத்தவரைக்கும் பெட்ரோல் வாடை வராத எதுவும் ரேஸ் இல்லை.

நான் குருண் டவுனில் ஒரு ஃபேக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். எட்டு மணி நேரம் முன்னால் போய், பின்னால் வந்து, தூக்கி, இறக்கி, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வீட்டுக்கு வரும்போது தோள்பட்டை எனக்குச் சொந்தமானதாகவே இருக்காது. வந்ததும் என்ன செய்வேன்? பின்னறைக்குப் போய் இன்னொரு ஸ்டியரிங்கைப் பிடிப்பேன். கேட்டால் எனக்கே சிரிப்புத்தான் வருகிறது.

பழைய காடிகளை, காரைத்தான் இங்கே அப்படிச் சொல்லுவோம், உடைக்கிற கடையில் வாங்கிய ஒரு சீட்டு. கூட வேலை செய்கிறவன் வெல்டிங் அடித்துக் கொடுத்த இரும்புச் சட்டம். அதில் ஒரு ஸ்டியரிங், மூன்று பெடல், எதிரே ஒரு பெரிய திரை. அவ்வளவுதான் சாமான். அதில் உட்கார்ந்தால் உலகத்தில் இருக்கிற எந்த ரேஸ் பாதையிலும் ஓட்டலாம். என்னைப் போலவே அவரவர் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களோடு இன்டர்நெட் வழியாகப் போட்டி போடலாம். இதற்குத்தான் சிம் ரேஸிங் என்று பெயர். அந்த அறையின் மறுபாதி என் மனைவியின் தையல் மெஷினுக்கு. நான் வளைவில் திரும்பும்போது என் முழங்கை அவளுடைய துணி மூட்டையில் இடிக்கும்.

"அடிபடுமா? அடிபடாதுல்ல. அப்புறம் என்னலா ரேஸு?" இதுதான் மச்சானுடைய கடைசி அஸ்திரம். நிஜத்தில் அடிபட்டவன் நான். வயசுக் காலத்தில் கப்சாய் ரேஸ் ஓட்டினேன். கப்சாய் என்றால் இங்கே எல்லாரும் பாசாருக்கும் வேலைக்கும் ஓட்டிக்கொண்டு போகிற சின்ன மோட்டார் சைக்கிள்தான். அதையே கொஞ்சம் முடுக்கிவிட்டு டவுன் டவுனாகப் பந்தயம் விடுவார்கள். யான் டவுன் பக்கத்தில் ஒரு பந்தயத்தில் விழுந்து எழுந்தபோது வலது முட்டி இடம் மாறியிருந்தது. உள்ளே வைத்த தகடு இன்னும் இருக்கிறது. மழை வரப்போகிறது என்று ஜெராய் மலைக்குத் தெரிவதற்கு முன்னாடி என் முட்டிக்குத் தெரிந்துவிடும். ஆகையால் நிஜ ரேஸ் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

நிஜ ரேஸில் பயம் இருக்கிறது, அதனால் மரியாதையும் இருக்கிறது. பக்கத்தில் வருகிறவனைத் தள்ளினால் அவன் சாவான், நாமும் கூடவே சாவோம். திரையில் அந்தப் பயம் இல்லை. அதனால் முதல் வளைவிலேயே பத்துப் பேர் வெறி பிடித்த மாதிரி வந்து இடிப்பார்கள். இடித்துவிட்டு மைக்கில் "சாரி ப்ரோ" என்பார்கள். அந்த 'சாரி ப்ரோ'வைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போச்சு. மச்சான் சொல்வதில் பாதி நியாயம் என்று எனக்கும் தெரியும். அவரிடம் ஒத்துக்கொள்ள மாட்டேன், அது வேறு விஷயம்.

மறுபாதியை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். பெரிய ரேஸில் ஓட்டுகிறவன் எல்லாம் யார்? நடக்கப் பழகும்போதே கோ-கார்ட்டில் தூக்கி உட்காரவைக்க அப்பன் இருந்தவன். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினார். அவர் எனக்குப் பழக்கிக் கொடுத்த ஒரே வண்டி சைக்கிள், அதுவும் தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணியுடையது. பெரிய ரேஸில் கொடி அசைவதற்கு முன்னாடியே பாதிப் போட்டி முடிந்துவிடுகிறது. திரையில் அப்படி இல்லை. என் காடியும் என்னோடு ஓட்டுகிற ஒரு கோலாலம்பூர் டாக்டருடைய காடியும் ஒரே காடிதான். அவன் டாக்டர் என்பதே எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. இதைச் சொன்னால் மச்சான் பேச்சை டயர் பக்கம் திருப்பிவிடுவார்.

என் மனைவி இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் சேர்ந்ததில்லை. அவளுக்கு ரெண்டு பேருமே ஒன்றுதான். "விளையாடினது போதுங்க, சோறு ஆறுது" என்பாள். கோபமெல்லாம் கிடையாது. பிள்ளைகளிடம் சொல்வது மாதிரி சொல்லுவாள், அதுதான் உறைக்கும். மச்சான் நூறு தடவை கிண்டல் செய்தது ஒரு பக்கம், இந்த 'விளையாடினது' என்ற ஒரு சொல் ஒரு பக்கம். "விளையாட்டு இல்லம்மா இது" என்று எத்தனை தடவை சொன்னேன். "சரிங்க" என்று சொல்லிவிட்டு மறுநாளும் அதையே சொல்லுவாள்.

இந்த வருடம் ஒரு லீக்கில் சேர்ந்தேன். நாடு முழுக்க இருந்து ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ரேஸ். மற்ற மாநிலத்துக்காரனுக்கு ஞாயிறு லீவு. கெடாவில் எங்களுக்கு லீவு வெள்ளியும் சனியும். ஞாயிறு வேலை நாள். காலை ஷிப்ட் முடித்து, மோட்டாரை முறுக்கி வீட்டுக்கு வந்து, குளித்தும் குளிக்காமலும் உட்காருவேன். அப்படிக் களைத்துப்போய் ஓட்டியே, எப்படியோ, கடைசி ரேஸ் வருகிற சமயத்தில் முதல் இடத்தில் இருந்தேன். கடைசி ரேஸை இடிபடாமல் ஓட்டி முடித்தால் போதும், பட்டம் எனக்கு. பட்டம் வாங்குகிறவனைத் தெற்கே கூட்டிக்கொண்டு போய், பெரிய சர்க்யூட்டில், நிஜமான ரேஸ் காடியில் ஒரு நாள் ஓட்ட விடுவார்கள்.

அந்த ஒரு நாளுக்கு நான் எவ்வளவு ஏங்கினேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. இந்த முட்டியை வைத்துக்கொண்டு மோட்டாரில் இனிமேல் சாய முடியாது, காடியில் உட்கார முடியும். இன்னும் சில வருடம் போனால் அதுவும் முடியாது. மச்சானிடம் மட்டும் பட்டும் படாமலும் சொன்னேன். "ஒரு நாள் ஓட்டிட்டா நீ ரேஸ்காரனா?" என்றார். ஆனால் கடைசி ரேஸ் என்றைக்கு என்று ரெண்டு தடவை கேட்டு வைத்துக்கொண்டார்.

கடைசி ரேஸ் ஆயுத பூசை அன்று வந்தது. அது எனக்கு முன்னாலேயே தெரியும், பெரிதாக நினைக்கவில்லை. எங்கள் வீட்டுப் பழக்கம் இது: மனைவி எல்லாச் சாமானையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பாள். காடி, மோட்டார், அரிவாமணை, பாராங் கத்தி, எல்லாவற்றுக்கும் மேலே அவளுடைய தையல் மெஷின். பொட்டு வைத்த சாமானை மறுநாள் காலை வரைக்கும் யாரும் தொடக் கூடாது. தீபாவளிக்குக் கொஞ்ச நாள்தான் இருக்கும், ரவிக்கைத் துணி மலையாகக் குவிந்து கிடக்கும், ஆளாளுக்கு ஃபோன் போட்டு "முடிஞ்சிருச்சாக்கா" என்று பிடுங்குவார்கள். அப்பவும் அவள் அந்த மெஷினைத் தொட மாட்டாள். என் சிம் அந்த வரிசையில் என்றைக்கும் இருந்ததில்லை. போன வருடம் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தாள், சாமி படத்துக்கு முன்னால் அசிங்கமாகத் தெரிகிறது என்று.

அன்றைக்கு ஃபேக்டரியிலும் நாங்கள் நாலைந்து தமிழர்கள் சேர்ந்து ஃபோர்க்லிஃப்டுக்குப் பொட்டு வைத்து, பொரி கடலை பங்கு போட்டுக்கொண்டோம். பிறகு அதே ஃபோர்க்லிஃப்டை மூன்று மணி வரைக்கும் ஓட்டினோம். கம்பெனி சாமானுக்கு ஓய்வு கொடுக்க நாம் யார்?

வீட்டுக்கு வந்து பின்னறைக் கதவைத் திறந்தேன். முதலில் வாசம் வந்தது, சாம்பிராணியும் மல்லிகையும். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் என் சிம். இரும்புச் சட்டத்தைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள். ஸ்டியரிங் நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். திரையின் ஓரத்தில் மூன்று பட்டை திருநீறு. ஸ்டியரிங்கில் ஒரு முழம் பூ. மூன்று பெடலிலும், குனிந்து உட்கார்ந்து வைத்திருக்க வேண்டும், மூன்று பொட்டு.

அடுப்படியிலிருந்து அவள் குரல் வந்தது. "பார்த்தீங்களா? காலையில துடைக்கும்போது நெனச்சேன். நான் என் மெஷினுக்கு வெக்கிறேன், இவரு இதுலதானே கெடையா கெடக்குறாரு, இதுவும் ஆயுதம்தானேன்னு." சுண்டலைத் தாளிக்கிற சத்தத்தில் மீதி கேட்கவில்லை.

என்ன சொல்ல? சந்தோஷமாக இருந்தது. ஆனால் பொட்டு வைத்தாச்சு, ரேஸ் ஐந்து மணிக்கு. மணி நாலு.

மச்சான் வந்து சேர்ந்தார். கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு, தஞ்சோங் டாவாயில் வாங்கிய கெரோப்போக் என்கிற மீன் அப்பளம் ரெண்டு பையோடு. பூசைக்கு வந்ததாகச் சொன்னார். சட்டைப் பையில் சர்க்யூட்டுக்குக் கொண்டுபோகிற காதடைப்பான் எட்டிப் பார்த்தது. திரை ரேஸுக்குக் காதடைப்பான் எதற்கு என்று கேட்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது, கேட்கவில்லை. பின்னறையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"ஒரு துணிய எடுத்துத் தொடைச்சிட்டு ஓட்டுலா" என்றார், தணிந்த குரலில். "ஃபோர்க்லிஃப்டுக்கும்தான் பொட்டு வெச்சே. வெச்சிட்டு ஓட்டலயா?"

"அது கம்பெனி சாமான், மச்சான்."

"இது விளையாட்டுச் சாமான்தானே? அவகிட்ட ஒரு வார்த்த சொல்லு. சரின்னுடுவா."

சரி என்றுதான் சொல்லுவாள். அதுதான் எனக்குப் பயம். 'அட, விளையாட்டுதானே, ஓட்டுங்க' என்று அவளே வந்து துடைத்துவிடுவாள். அவ்வளவுதான், அடுத்த வருடம் மறுபடி துண்டு போட்டு மூடியிருக்கும். அந்தப் பக்கம் பார்த்தால் அவளுடைய மெஷின், இத்தனை ரவிக்கையை வைத்துக்கொண்டு, பூவைச் சுற்றிக்கொண்டு சும்மா நிற்கிறது. அவளுடையது நிற்கும்போது என்னுடையது ஓடலாம் என்றால், என்னுடையது ஆயுதம் இல்லை என்று நானே சொன்ன மாதிரி. இரண்டு வருடமாக நான் வாதாடியது எல்லாம் எதற்கு?

லீக் நடத்துகிற பையனுக்குச் செய்தி அனுப்பினேன், வீட்டில் பூசை, வர முடியாது என்று. "பெத்துல் கே, ப்ரோ?" என்று கேட்டான். நிஜமாகத்தான் என்றேன். வருத்தப்படுகிற முகம் ஒன்றை அனுப்பினான்.

போர்ச்சில் நாற்காலியைப் போட்டு, மச்சானுடைய ஃபோனில் ரேஸைப் பார்த்தோம். ஆள் வரவில்லை என்றால் அங்கே இடத்தைக் காலியாக விடுவதில்லை, பின்னால் இருப்பவன் முன்னால் வந்துவிடுகிறான். எனக்கு அடுத்திருந்த ஜொகூர்காரன் முன்னால் வந்தான். நிதானமாக ஓட்டினான். ஒரு குறையும் சொல்ல முடியாது, அவன்தான் பட்டம் வாங்கினான். பெட்ரோல் வாடை இல்லாத ரேஸுக்கு மச்சான் கெரோப்போக்கைக் கடிக்க மறந்து உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் ஃபோனை அணைத்து, "உனக்குப் பைத்தியம் மாப்ள" என்றார். அன்றைக்கு அவர் சொன்னதில் அதை மட்டும் நான் மறுக்கவில்லை. மனைவி சுண்டல் கொண்டுவந்து வைத்து, "ரெண்டு பேரும் ஏன் இப்படி இழவு வீட்டுல ஒக்காந்த மாதிரி ஒக்காந்திருக்கீங்க?" என்றாள். வேலை அசதி என்றேன்.

மறுநாள் எனக்கு மத்தியான ஷிப்ட். காலையில் சாமானை எல்லாம் மறுபடி எடுக்கிற நேரம். காடிக்கு நாலு எலுமிச்சம்பழம், மோட்டாருக்கு ரெண்டு, ஏற்றி நசுக்கினேன். கையில் இன்னும் ஒன்றை வைத்துக்கொண்டு அவள் பின்னறைக்கு வந்தாள்.

"இதுக்குச் சக்கரம் எங்கங்க இருக்கு?"

சக்கரம் இல்லை என்றேன். யோசித்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, பழத்தைப் பிரேக் பெடலுக்கு அடியில் சொருகினாள். "மிதிங்க." மிதித்தேன். பழம் பிதுங்கி, அறை முழுக்கப் புளிப்பு வாசம் அடித்தது. தன்னுடைய தையல் முக்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஓட்டுங்க, பார்க்கிறேன்." இரண்டு வருடத்தில் முதல் தடவை.

முந்தின நாள் ரேஸ் நடந்த அதே பாதையைப் போட்டேன். ஏன் அதைப் போட்டேன் என்று தெரியவில்லை, கை போட்டது. நேர்ப்பாதையில் காடி சீறிக்கொண்டு போனது. வளைவில் என் முழங்கை அவள் மேல் இடித்தது, அவள் நகரவில்லை. ஒரு சுற்று முழுக்கப் பார்த்தாள்.

"மத்தவங்க எல்லாம் எங்கங்க? ஒருத்தரையும் காணோமே."

"நேத்தே ஓட்டிட்டுப் போய்ட்டாங்க."

"நேத்தா?" போர்ச்சில் நாங்கள் ஃபோனும் கையுமாக உட்கார்ந்திருந்தது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா தொடைச்சு விட்டிருப்பேன்லங்க."

"அதனாலதான் சொல்லல."

அவள் ஸ்டியரிங்கில் வாடிப்போயிருந்த பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். முக்காலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போய்த் தையல் மெஷினைப் போட்டாள். நான் அடுத்த சுற்றுக்குப் போனேன்.