மூன்றாவது மூட்டைக்கு ஒரு முழம்

எங்கள் மாமாவின் பெயர் அமெரிக்கப் பேப்பரில் வரப்போகிறது என்று ஐந்தாம் வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டேன். அதற்கு மாமா ஒரே ஆட்டத்தில் நாலு விதமாக அடிக்க வேண்டும் என்ற சின்ன விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. தாம்பரத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டு எங்கள் வீட்டில்தான் இருந்தார். கிரிக்கெட் என்றால் உயிர். ஆனால் ஊர் டீமில் ஏழு வருஷமாக அவர் பன்னிரண்டாவது ஆள்தான். எலுமிச்சை ஜூஸ் வாளி தூக்கியே அவருக்கு ஒரு தோள் இறங்கிவிட்டது என்று அப்பா கேலி செய்வார். மாமா சிரித்துவிட்டுத் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீஷ் சொல்லித்தர ஓர் அமெரிக்க சார் வந்தார். ஒல்லியான உருவம், மூக்கெல்லாம் வெயிலில் சிவந்திருக்கும். சாயங்காலத்தில் ரயில்வே லைனுக்குக் கிழக்கே இருந்த பொட்டல் மைதானத்தில் நாலு மூலையிலும் மணல் மூட்டைகளைப் போட்டு பேஸ்பால் சொல்லிக்கொடுத்தார். வருகிற பந்தை அடித்துவிட்டு மூட்டை மூட்டையாக ஓட வேண்டும். ஓர் அடிக்கு முதல் மூட்டைவரை ஓடலாம், இரண்டாவதுவரை ஓடலாம், மூன்றாவதுவரை ஓடலாம், பந்து தொலைந்தேபோனால் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். தாம்பரத்தில் ஒருவருக்கும் தெரியாத ஆட்டம் என்பதால் மாமாவுக்கும் அதில் இடம் கிடைத்தது. இரண்டாவது மூட்டைக்குக் காவல்.

எதிர் டீம் பக்கத்து ஊர் பம்மல். தோல் ஷெட்டிலும் பட்டறையிலும் வேலை செய்கிறவர்கள். அமெரிக்க சாரிடம் இருந்த ஒரே ஒரு கையுறையை வாங்கிப் பார்த்துவிட்டு, இரண்டு டீமுக்கும் அவர்களே தோலில் தைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். மாமாவின் கையுறை அடித்த நாற்றத்துக்கு அம்மா அதைக் கிணற்றடியைத் தாண்டி உள்ளே விடவில்லை.

இரண்டாவது மூட்டைக்காரர்கள் பந்தைப் பிடிப்பதில் சூரர்கள், அடிப்பதில் அப்படி இல்லை என்று அமெரிக்க சார் ஒருநாள் சொன்னார். நாலு விதமான அடியையும் ஒரே ஆட்டத்தில் அடிப்பதே அபூர்வமாம். அதிலும் இரண்டாவது மூட்டைக்காரர் ஒருவர் அப்படி அடித்து சாரோ அவர் அப்பாவோ கண்ணால் பார்த்ததில்லையாம். அவர் அப்பா ஊரில் ஒரு சின்னப் பேப்பர் நடத்துகிறவர். இங்கே யாராவது அடித்துவிட்டால் அதில் பெயர் போடச் சொல்கிறேன் என்று சத்தியம் செய்துகொடுத்தார். மாமா அன்று ராத்திரி இரண்டு தரம் ரசம் போட்டுக்கொண்டார்.

மாமாவிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கிரிக்கெட்டில் மட்டையோடு ஓடி, மட்டையை நீட்டிக் கோட்டைத் தொட்டால் போதும். இந்த ஆட்டத்தில் மட்டைக்கு அந்த மரியாதை கிடையாது. அடித்தவுடன் அதைக் கீழே போட்டுவிட்டு ஓடி, காலாலோ கையாலோ மூட்டையைத் தொட வேண்டும். அதற்குள் பந்து வைத்திருப்பவர் நம்மைத் தொட்டுவிட்டால் அவுட். இதற்காக மாமா தினமும் கொல்லையில் விளக்குமாற்றை வீசி வீசிக் கீழே போட்டுப் பழகினார். ஒரு மாதத்தில் இரண்டு விளக்குமாறு காலி. அம்மா பாடின பாட்டைச் சொல்லி முடியாது.

அமெரிக்க சார் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம். எப்போதும்போல அம்பயரும் அவர்தான். சர்ச் முடிந்து சோறுகூடச் சரியாகத் தின்னாமல் ஓடி, மூன்றாவது மூட்டைப் பக்கம் நிழல் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். அந்த மூட்டைக்குக் காவல் பம்மல் லேத் பட்டறை அண்ணன். மாமாவைப் பார்த்ததும் கத்தினார்.

"இன்னா டைப் சார், இன்னிக்கி உன் பேரு அமெரிக்கா போவுதா?"

"போனா நல்லாத்தான் இருக்கும்" என்றார் மாமா.

முதல் அடி, முதல் மூட்டை. அடுத்த முறை பந்து போய்க் கருவேல முள்ளுக்குள் விழுந்தது. அவர்கள் முள்ளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது மாமா முழுச் சுற்றும் வந்துவிட்டார். மூன்றாவது அடிக்கு இரண்டாவது மூட்டை. ஒவ்வொரு தடவையும் அமெரிக்க சார், "மட்டையைக் கீழே போடுங்கள்!" என்று பாதிரியார் தமிழில் கத்துவார், மாமாவும் போட்டுவிடுவார். இனி மூன்றாவது மூட்டைவரை ஓர் அடிதான் பாக்கி.

கடைசி இன்னிங்ஸ். மூன்று பேர் அவுட்டானால் முடிந்தது; எங்களில் இரண்டு பேர் ஏற்கெனவே அவுட், பம்மல் ஏழு ரன் முன்னால். ஜெயிப்பதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். மாமா அவுட்டானால் ஆட்டமும் முடிந்தது, பேப்பரும் போயிற்று. அவர் மட்டையை எடுத்தபோது பீச் ஸ்டேஷன் பக்கம் போகிற ரயிலின் சத்தம்கூடக் காதில் விழவில்லை.

அடித்தார் பாருங்கள்! பந்து வலது பக்கத்து ஆளின் தலைக்கு மேலே போய், மேய்ந்துகொண்டிருந்த எருமைகளுக்கு நடுவே உருண்டது. மாமா பறந்தார். முதல் மூட்டை, இரண்டாவது மூட்டை. நான் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினேன். அப்புறம்தான் பார்த்தேன், அவர் கையில் மட்டை இருந்தது. அமெரிக்க சார் "மட்டை! மட்டை!" என்று குதிக்கிறார். மாமாவுக்கு அது உற்சாகப்படுத்துவதாகப் பட்டதோ என்னவோ, இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாவது மூட்டைக்கு முன்னால் அப்படியே பாய்ந்து விழுந்து, அழகாக மட்டையை நீட்டி மூட்டையின் மேல் வைத்தார். அவர் கை அதற்கு ஒரு முழம் பின்னால் இருந்தது. பந்து அதற்கு முன்பே பம்மல் அண்ணனின் கையுறைக்குள் பொத்தென்று வந்து விழுந்திருந்தது.

அண்ணன் குனிந்து மாமாவின் முதுகைத் தொட்டால் போதும். அவர் தொடவில்லை. மட்டையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். பிறகு முழங்கையை மடக்கிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டு நின்றார். மாமா மெதுவாக எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டு, இரண்டு காலையும் மூட்டைமேல் வைத்து ஏறி நின்றார். அதற்கப்புறம்தான் அண்ணன் கையுறையால் அவர் தோளைத் தட்டிவிட்டு அமெரிக்க சாரைத் திரும்பிப் பார்த்தார். சார் மட்டையைப் பார்த்தார், மூட்டைமேல் இருந்த மாமாவின் காலைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் அகல விரித்தார்.

"சேஃப்!" அவுட் இல்லை என்று அர்த்தம்.

மைதானமே மாமாவைத் தூக்கிக்கொண்டது. தூக்கியவர்களில் பாதிப் பேர் பம்மல்காரர்கள். மூன்று மாதம் கழித்து அந்தப் பேப்பர் துண்டு தபாலில் வந்தது. அப்பா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, தாமே கடைக்குப் போய்ச் சட்டம் போட்டுக்கொண்டு வந்தார். "மட்டையை எப்படிச் சரியா கொண்டுபோய் வெச்சேன் பாத்தியா?" என்று மாமா என்னிடம் எத்தனை வருஷம் கேட்டிருப்பார்! பார்த்தேன் மாமா என்பேன்.

ஆனால் ஆட்டம் நடந்த அன்று சாயங்காலம் எனக்கு மனசு ஆறவில்லை. குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த பம்மல் அண்ணனிடம் போய் நின்றேன்.

"அண்ணா, பந்து உங்க கையிலதானே இருந்தது? ஏன் உடனே தொடல?"

"கண்ணுல மண்ணு வுழுந்துட்ச்சி பாப்பா. ஒண்ணும் தெர்ல."

எனக்குப் பாவமாகிவிட்டது. பாவாடை நுனியைச் சுருட்டி வாயால் ஊதிச் சூடாக்கி, உட்காரச் சொன்னேன். அவ்வளவு பெரிய ஆள் குந்தி உட்கார்ந்து கண்ணை அகலத் திறந்து காட்டினார். எவ்வளவு தேடியும் ஒன்றும் தென்படவில்லை. ஆனாலும் ஒத்தடம் கொடுத்து, பலமாக ஊதிவிட்டேன்.

"போச்சா அண்ணா?"

"போயே போச்சு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. திரும்பிப் பார்த்தால், மூட்டைகளை அவிழ்த்து மணலைக் கொட்டிக்கொண்டிருந்த அமெரிக்க சாரும் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஊதிவிடலாம் என்றுதான் இருந்தது. வெட்கமாக இருந்ததால் வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.