அசையாமல் உட்கார்ந்த வெள்ளிக்கிழமைகள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோட்டின்மேல் நிற்காது, ஏறும், இறங்கும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு கையில் பிடித்தது பெயின்ட் பிரஷ் மட்டும்தான். எந்த இடத்தில் எந்த ‘ர’ போட வேண்டும் என்பதில் இன்னும் சந்தேகம் உண்டு. பிழைகளைத் திருத்திவிட்டுப் படியுங்கள்.

பெங்களூரில் எங்கள் ஜீவனஹள்ளியில் இருபது வருடத்துக்கு முன்னால் தெருவுக்கு ஒரு பிரவுசிங் சென்டர் முளைத்துக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவர், கண்ணாடிக் கூண்டை ஓரமாகத் தள்ளிவிட்டு நாலு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். நடுவில் பிளைவுட் தடுப்பு, முன்னால் ஒரு திரை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அந்தத் தடுப்புகளுக்கு வெள்ளை அடித்தவன் நான். ஆனால் அடித்து முடித்த பிறகு ஒரு வருடம் அந்தப் பக்கம் போகவில்லை. இங்கிலீஷ் தெரிந்தவர்கள் போகிற இடம் என்று கூச்சம்.

என் மனைவி மஸ்கட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன பிறகுதான் உள்ளே போனேன். மொத்தமாகப் பணம் கட்டி லீசுக்கு ஒரு வீடு எடுத்துவிட வேண்டும், மாத வாடகைத் தொல்லை இருக்கக் கூடாது என்பது அவள் ஆசை. இரண்டு வருடம் வேலை செய்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று போனாள். மகளுக்கு அப்போது மூன்று வயது. என் அக்காதான் பார்த்துக்கொண்டாள். மனைவி திரும்பி வரும் நாளைத் தவிர எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

அவள் வேலை செய்த வீட்டில் காலேஜில் படிக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். நல்ல மனசு. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை என்பதால் தன் கம்ப்யூட்டர் முன்னால் இவளை உட்கார வைப்பாள். இந்தப் பக்கம் நாங்கள். போனில் பேசினால் கட்டுப்படியாகாது. இதில் முகமும் தெரியும்.

வெள்ளிக்கிழமை வந்தால் நான் வேலையிலிருந்து சீக்கிரம் வந்து, டர்பன்டைன் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவி, சர்ச்சுக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொள்வேன். அக்கா பட்டுப்புடவை கட்டுவாள். மகளுக்கு கவுன், பவுடர். எதிர்வீட்டு அம்மாவும் பின்னாலேயே வந்துவிடுவாள். ஹெட்போன் ஒன்றுதான். அதன் ஒரு காது எனக்கு, மறு காது அக்காவுக்கு. மகள் என் மடியில்.

நெட் லைன் அப்போது மிகவும் மெதுவாக இருக்கும். யாராவது கொஞ்சம் அசைந்தால் படம் கட்டம் கட்டமாக உடைந்து, மூக்கு ஒரு பக்கம், கண் ஒரு பக்கம் போய்விடும். அதனால் சென்டர்காரர் எல்லோருக்கும் ஒரே பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார்.

“ஆடாம குந்துங்க. ஆடுனா படம் ஒடஞ்சிடும். ஸ்டூடியோல போட்டோ புடிக்கிற மாதிரி நெனச்சிக்கங்க.”

தெருவே அதைக் கற்றுக்கொண்டது. துபாயில் மகன் இருந்தவர்களும், சவுதியில் புருஷன் இருந்தவர்களும் அந்தத் தடுப்புக்குள் விறைத்து உட்கார்ந்து, உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவார்கள். என் மனைவியும் கற்றுக்கொண்டாள். முதல் சில வாரங்கள் அவளால் முடியவில்லை. சிரிப்பு வந்தால் கையை ஆட்டிவிடுவாள், படம் சிதறிவிடும். அக்கா திட்டுவாள்.

“அடியே, சும்மா இரு! பாதி மூஞ்சிதான் வருது.”

“அண்ணி, மீதி பாதிய அடுத்த வாரம் அனுப்புறேன்,” என்பாள் அவள்.

அந்தக் கூட்டத்தில் நான் பேசியது குறைவு. சாப்பிட்டாயா, நல்லா இருக்கிறாயா, அவ்வளவுதான். எதிர்வீட்டு அம்மா நிற்கும்போது வேறு என்ன கேட்பது?

இரண்டு வருடம் முடியப் போகிற சமயம். ஊருக்கு வர டிக்கெட் போடுவதாக அந்த வீட்டில் சொல்லிவிட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமையும் வழக்கம் போல் போனோம். படம் வந்தது. அவ்வளவு தெளிவாக ஒருநாளும் வந்ததில்லை. அவள் சுவரில் தலையைச் சாய்த்து, கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் கம்மல்கூடத் தெரிந்தது.

“ஏங்க, நல்லா தெரியுறேனா?”

“நல்லா தெரியுற,” என்றேன்.

“அப்ப இப்படியே இருக்கேன்.”

சென்டர்காரர் எட்டிப் பார்த்தார். “பாருங்க, உங்க வீட்டம்மாதான் கரெக்டு! ஒரு எடத்துலயும் ஒடயல.”

“புருஷன் பாக்குறான்ல, வெக்கம்,” என்றாள் எதிர்வீட்டு அம்மா. எல்லோரும் சிரித்தோம். மனைவியும் சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

“கொரல் ஏன்டி சின்னதா வருது?” என்று அக்கா கேட்டாள்.

“ஜுரம் அண்ணி. மாத்திர குடுத்தாங்க. டிக்கெட்டுக்குள்ள செரியாயிடும்.”

என் மடியிலிருந்த மகள் கம்ப்யூட்டர் திரையைத் தொட்டு, “அம்மா, கை ஆட்டு,” என்றாள்.

“ஆட்டக்கூடாது கண்ணு, ஒடஞ்சிடும்,” என்று அக்கா அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

என் மனைவி கையை ஆட்டவில்லை. நேரம் முடியும் வரைக்கும் அப்படியே இருந்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அக்கா அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். இன்றைக்குத்தான் கண்ணாரப் பார்த்தோம், போட்டோ மாதிரி இருந்தாள் என்று.

அடுத்த வெள்ளிக்கிழமை வருவதற்குள் சென்டரின் பழைய போனுக்கு அந்தக் காலேஜ் பெண் பேசியிருக்கிறாள். சென்டர்காரர் செருப்புகூடப் போடாமல் எங்கள் வீட்டுக்கு வந்தார். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார். ஆஸ்பத்திரியில் சேர்த்தும் பயனில்லை என்றார். அந்தப் பெண் இங்கிலீஷில் அழுதுகொண்டே சொன்னதை அவர் தமிழில் சொன்னார். கம்ப்யூட்டர் முன்னால் வருவதற்கே இரண்டு பேர் அவளைத் தாங்கிக்கொண்டு வந்தார்களாம். கையைத் தூக்க முடியாமல்தான் மடியில் வைத்திருந்தாளாம்.

டிக்கெட் போட்ட நாளுக்கு முன்பே அவள் வந்துவிட்டாள், பெட்டியில். திறக்க வேண்டாம் என்று சொன்னார்கள். திறக்கவில்லை.

நான் யாரையும் குறை சொல்லவில்லை. அந்த லைன் இல்லாவிட்டால் இரண்டு வருடம் அவள் முகத்தைப் பார்த்தே இருக்க மாட்டோம். ஆனால் லைன் நன்றாக இருப்பதும் ஆள் நன்றாக இருப்பதும் எங்களுக்கு ஒன்றாகிப் போயிருந்தது.

அடக்கம் முடிந்து வந்த வெள்ளிக்கிழமை மகள் தானே கவுனை எடுத்து வந்து நீட்டினாள். அக்கா ஓவென்று அழுதாள். நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். என்ன செய்வதென்று தெரியாமல் போனேன். சென்டர்காரர் திரையை விலக்கிவிட்டார். அணைந்திருந்த கம்ப்யூட்டர் முன்னால் மகள் முதுகை நிமிர்த்தி, கையை மடியில் வைத்து, கொஞ்சமும் அசையாமல் உட்கார்ந்தாள். சொல்லிக் கொடுத்தபடி. அவளைத் தூக்கி வர எனக்கு மனம் வரவில்லை.

அந்த சென்டர் இப்போது மொபைல் ரிப்பேர் கடை. நெட்டுக்காக யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. மகள் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள், பி.ஜி. ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். தினமும் வீடியோ கால் வரும். படி இறங்கிக்கொண்டே பேசுவாள், தோசையைப் பிய்த்துக்கொண்டே பேசுவாள், கம்பெனி வண்டியில் ஆடிக்கொண்டே பேசுவாள். படம் உடைவதில்லை. அவள் ஒரு நிமிடம் சும்மா இருந்தால் நான்தான் போனைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்ப்பேன். “என்னம்மா?” என்பேன். “ஒண்ணும் இல்லப்பா, யோசிக்கிறேன்,” என்பாள்.

போன கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்தபோது கேட்டாள்.

“அப்பா, அம்மா எப்படி நடப்பாங்க?”

புரியாமல் பார்த்தேன்.

“எனக்கு அம்மான்னா உக்காந்திருக்கிறதுதான்பா ஞாபகம். இடுப்புக்குக் கீழ தெரியாது. நடந்தா எப்படி இருப்பாங்க?”

எழுந்து போய்க் குழாயில் முகம் கழுவினேன். அவளும் திரும்பக் கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உன் அம்மா வேகமாக நடப்பாள். என்னோடு மார்க்கெட்டுக்கு வந்தால் நாலு கடை முன்னால் போய்விடுவாள். பிறகு ஞாபகம் வந்து, திரும்பி, இடுப்பில் கை வைத்து நிற்பாள். அவள் செருப்பு எப்போதும் வெளிப்பக்கம்தான் தேயும். குடத்தைத் தூக்கினால் மறு கையைப் பறக்கிற மாதிரி வீசுவாள். மழை வந்தால் எல்லோரும் ஓடுவார்கள், அவள் ஓட மாட்டாள். நீ வயிற்றில் இருந்தபோதும் அதே வேகம்தான். மெல்லப் போ என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், கேட்டதில்லை. சிரிப்பு வந்தால் அவளால் நடக்க முடியாது. பக்கத்தில் இருப்பவர் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுவாள். பெரும்பாலும் அது என் தோள்தான்.

ஜீவனஹள்ளி,
2025 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை.