கரண்டைக்கால் கேஸ்

காலும் பாதமும் சேருகிற மூட்டை எங்கள் பக்கம் கரண்டை என்போம். அதற்கு மேலே, பின்பக்கம் சதை திரண்டிருக்கிறதே, அது கெண்டை. மேலூர்ச் சந்தையில் மாடு பிடித்துப் பார்க்கிறவன்கூட இரண்டையும் குழப்ப மாட்டான். படித்தவர்கள் கரண்டையைக் கணுக்கால் என்று எழுதுகிறார்கள். எழுதிக்கொள்ளட்டும்.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தவர். வடக்கே பனிமலையில், உச்சியிலிருந்த காவல் முகாமுக்கு மண்ணெண்ணெய் கேனைத் தோளில் வைத்து ஏறும்போது வழுக்கிவிட்டது. வலது பாதம் இரண்டு பாறைக்கு நடுவே மாட்டிக்கொள்ள, ஆள் மட்டும் சரிந்தார். கரண்டை முறிந்தது. கட்டுப்போட்டார்கள், கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. கொஞ்ச காலம் வைத்துப் பார்த்துவிட்டு, இனி மலைக்கு ஆகமாட்டார் என்று பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அனுப்பும்போது கொடுத்த காகிதத்தில் ஒரு வரி இருந்தது: இந்த ஊனம் பணியால் வந்ததல்ல. அவர் விழுந்த அன்று அதை எழுதிவைக்க வேண்டியவர் எழுதவில்லை. வேறு சங்கதி எதுவும் இல்லை.

ஊனத்துக்கான பென்ஷன் வராமல் போனது ஒரு பக்கம். வயல் இருந்தது, நானும் அவருமாகப் பாடுபட்டோம், யார் வாசலிலும் போய் நின்றதில்லை. அவரை அரித்தது அந்த ஒரு வரிதான்.

"அப்ப நான் எங்கன போயி விழுந்தேங்கிறாய்ங்க? சாராயத்தக் குடிச்சுப்புட்டு வரப்புல விழுந்தேங்கிறாய்ங்களா?" என்று சோற்றில் கையை வைத்தபடி கேட்பார். சாவதற்குள் அந்த வரியை அடிக்க வைத்துவிட வேண்டும் என்பது அவருக்கு வைராக்கியமாகிவிட்டது. எனக்கும்தான்.

இப்போதெல்லாம் பழைய கேஸ்களையும் மேல்முறையீட்டில் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, தல்லாகுளத்தில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனோம். நான் கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டி, தோட்டையும் போட்டுக்கொண்டேன். அவர் இஸ்திரி போட்ட சட்டையில் மெடல் பட்டையைக் குத்தியிருந்தார். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி, எங்கே போகிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "இம்புட்டு மினுக்கிக்கிட்டுப் போனா எவன் இரங்குவான் அப்பத்தா? கிழிஞ்சத உடுத்திட்டுல்ல போகணும்" என்றாள்.

"நாங்க என்ன பிச்சைக்கா போறோம்? ஒன் வாயப் பொத்திக்கிட்டு வா" என்றேன். பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்தார். அன்றைக்குச் சிரிக்கத் தெம்பிருந்தது.

வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருந்தார். டைப் அடிக்கிற அம்மாவிடம் விவரத்தைச் சொல்லச் சொல்லியிருந்தார். நாற்பது வயதிருக்கும், மரியாதையான பெண்பிள்ளை. சென்னையிலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள். என்னிடம் பழைய காகிதங்களைக் கொடுத்து ஜெராக்ஸ் எடுத்துவரச் சொன்னாள். கீழே ஒரே கூட்டம், நான் திரும்பிவர நேரமாயிற்று. வந்து பார்த்தால் இவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார், பெஞ்சில் என்னோடு உட்காரமாட்டாராம்.

"பூராத்தையும் இங்கிலீஷ்லயே கேட்டுச்சு. நானும் இங்கிலீஷ்லயே சொல்லிப்புட்டேன்" என்றார்.

இங்கிலீஷில் அடித்த மனுவில், வாசித்துப் பார்க்காமலே அழுத்திக் கையெழுத்துப் போட்டார். எனக்கு எழுத்துக்கூட்டித் தமிழ் வாசிக்கத்தான் வரும். அந்தக் கையெழுத்தைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பதில் வர ஒரு வெள்ளாமை கழிந்து அடுத்ததும் கழிந்தது. வக்கீல் கூப்பிட்டுவிட்டார். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தள்ளுபடி பண்ணிட்டாங்க ஐயா. ஆஸ்பத்திரி ரெக்கார்டுல கணுக்கால்னு இருக்கு. நம்ம மனுவுல கெண்டைக்கால்னு இருக்கு. காயம் பட்ட இடத்தையே மனுதாரர் மாத்திச் சொல்றாரு, நம்புறதுக்கில்லன்னு எழுதியிருக்காங்க."

"கெண்டையா? எந்தக் கூறுகெட்டவன் அப்பிடிச் சொன்னது?" என்றேன் நான்.

டைப் அடிக்கிற அம்மா எழுந்து நின்றுவிட்டாள். "ஐயாதாம்மா சொன்னாரு. மத்ததெல்லாம் இங்கிலீஷ்ல சொன்னவரு, அத மட்டும் கரண்டைன்னாரு. அந்த வார்த்தை நான் கேள்விப்பட்டதில்ல. காஃபான்னு கேட்டேன். யெஸ் சார்னாரு. திரும்பவும் கேட்டேன், திரும்பவும் யெஸ் சார்னுதான் சொன்னாரு."

காஃப் என்றால் கெண்டையாம். பட்டாளத்தில் அதிகாரி என்ன கேட்டாலும் யெஸ் சார். காதில் சரியாக விழாவிட்டாலும் யெஸ் சார், புரியாவிட்டாலும் யெஸ் சார். அப்படித்தான் பழகியிருக்கிறார்கள். அன்றைக்கும் வாயில் அதுதான் வந்திருக்கிறது. அந்தப் பெண்ணை வைய எனக்கு மனம் வரவில்லை. அவரையும் வையமுடியவில்லை.

அவர் எழுந்தார். பெரியவர்கள் முன்னால் கால் நீட்டி உட்காராத மனுஷன், வேட்டியை முழங்கால்வரை சுருட்டி, வலது காலைத் தூக்கி வக்கீலின் மேசையில், காகிதங்களுக்கு நடுவே வைத்தார்.

"இது கெண்டை சார். இது கரண்டை. கோணிக்கிட்டு நிக்குது பாருங்க. தொட்டுப் பாருங்க சார்."

வக்கீல் தொடவில்லை. "கால எடுங்கய்யா, இந்த டேபிள் எனக்குத் தெய்வம் மாதிரி" என்றார் மெதுவாக. நான்தான் அந்தக் காலை இரண்டு கையாலும் ஏந்திக் கீழே இறக்கினேன்.

திருத்தி மறுபடி போடலாம், அதற்குப் புதிதாக டாக்டர் பார்த்து எழுதித் தரவேண்டும் என்றார்கள். அதற்கும் போனோம். அதற்குள் சர்க்கரை வந்து, முழங்காலுக்குக் கீழே வீங்கி, கரண்டை எது கெண்டை எது என்று தெரியாமல் ஒரே உருளையாகிவிட்டிருந்தது. டாக்டர் நல்ல மனுஷர், அமுக்கி அமுக்கிப் பார்த்தார். விரல் வைத்த இடமெல்லாம் குழி விழுந்து நின்றது. எக்ஸ்ரே படமும் எடுத்தார்.

"அம்மா, எலும்பு கோணியிருக்கு, இல்லங்கல. ஆனா இது அங்க முறிஞ்சதுதான்னு இத்தன வருஷத்துக்கப்புறம் நான் எப்பிடி எழுதுறது? இப்பவுள்ள வலி எதுனாலன்னும் பிரிக்க முடியல."

நான் எம்புட்டோ பேசிப் பார்த்தேன். இவர் யெஸ் சார் என்றுகூடச் சொல்லவில்லை. செருப்புக்குள் நுழையாத காலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

திரும்பும்போது மேலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, எங்கள் ஊர் டவுன் பஸ்ஸுக்காக நின்றோம். வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர், முன்பின் தெரியாத ஆள், இவர் நொண்டி வருவதைப் பார்த்து உட்காரத் தன் பெட்டியை நகர்த்திக் கொடுத்தார்.

"என்னண்ணே, கால்ல அடியா?"

வேறொரு நாளாக இருந்தால் மலையிலிருந்து ஆரம்பிப்பார். பனி, கேன், பாறை என்று பஸ் வந்து நின்றாலும் ஏறாமல் சொல்வார். நான் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கும்.

"இல்லப்பா" என்றார். "பொறப்புலயே இப்பிடித்தான்."

வெள்ளரிக்காரர், "அடப் பாவமே" என்றார். நான் வேறு பக்கம் பார்த்தபடி நின்றேன். இவர் ஒரு பிஞ்சை வாங்கி ஒடித்து, பாதியை என் பக்கம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். தின்ன முடியவில்லை.