செம்பருத்தித் தொட்டியில் தேன்சிட்டு

மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் எந்தப் பறவை வந்தாலும் குரலை வைத்தே சொல்லிவிடுவேன். காலையில் சமையலறை ஜன்னலில் காக்கைக்குச் சாதம் வைத்துவிட்டு, காது கொடுத்து நிற்பது என் வழக்கம். பாதாம் மரத்தில் குக்குறுவான் டொக் டொக்கென்று தட்டுகிற மாதிரி கூவும். கேபிளில் கொண்டைக்குருவி கூப்பிடும். தேன்சிட்டின் குரல் மட்டும் ஒரு வாரமாக இல்லை.

மழைக்காலத்துக்கு முன்னால் ஹவுசிங் சொசைட்டியில் மரக்கிளைகளை வெட்டியிருந்தார்கள். கூடு கலைந்து எங்கே தவிக்கிறதோ என்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. செக்ரெட்டரியைப் படிக்கட்டில் நிறுத்தி, எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கத்தித் தீர்த்தேன். அந்த மனுஷர் "சாரி அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அடுப்படியிலிருந்து என் மனைவி, "இந்தத் தேன்சிட்டு விடிஞ்சதுலேர்ந்து கத்திண்டே இருக்கு. காதைத் தொளைக்கறது. கொஞ்சம் விரட்டுங்கோளேன்" என்றாள்.

ஜன்னலுக்கு ஓடினேன். செம்பருத்தித் தொட்டியில், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தது. அலகு திறந்து திறந்து மூடியது. தொண்டை துடித்தது. எனக்குக் கேட்டதெல்லாம் குக்குறுவானும் கீழே போன ஆட்டோவும்தான். ஜன்னல் கம்பியோடு காதை ஒட்டவைத்துப் பார்த்தேன்.

"எப்படிக் கத்தறது, பாத்தேளா?"

"ஆமா, ஒரே சத்தம்" என்றேன்.