சோலூர் ரோட்டில் எரிந்த ஃபியூஸ்

காலை ஆறு மணிக்கெல்லாம் திருப்பூரை விட்டுக் கிளம்பிவிட்டோம், நானும் என் வீட்டுக்காரரும் எங்கள் பழைய காரும். காருக்கு இருபது வயது தாண்டிவிட்டது. அதை விற்றுவிடலாம் என்று நான் சொல்லாத நாள் இல்லை, அதற்கு அவர் முறைக்காத நாளும் இல்லை. கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ஸ்டீயரிங்கைத் தொடுவதில்லை. ஓட்டுவது நான், பக்கத்தில் உட்கார்ந்து உத்தரவு போடுவது அவர்.

அவருடைய சிநேகிதர் போஜன் சோலூரில் புது வீடு கட்டிக் குடிபோகிறார். போயே ஆக வேண்டும் என்று இவருக்கு ஒற்றைக்கால் பிடிவாதம். இவருக்கு ஆஸ்துமா. பனியும் குளிரும் சேர்ந்தால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். எங்கள் டாக்டர், "ஊட்டிக்கா, இந்த சீசன்லயா?" என்று கேட்டுவிட்டு, புது இன்ஹேலர் ஒன்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் மடித்து வைத்தவர்தான், கடைப் பக்கம் போகவே இல்லை. இது எனக்குத் தெரிந்தது மலை ஏறிய பிறகு.

மேட்டுப்பாளையத்தில் இட்லி. கல்லாறு சோதனைச் சாவடியில் இ-பாஸைக் காட்டினோம். மலையில் பிளாஸ்டிக் தடை என்று தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டுதான் விட்டார்கள். பர்லியாரில் டீ குடித்தோம். அங்கிருந்து குன்னூர் வரைக்கும் நான் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மலைப்பாதை என்றாலே எனக்குப் பயம். இவரோ ஜன்னலைத் திறந்து வைத்து, "அங்க பாரு, அருவி!" என்று காட்டிக்கொண்டே வந்தார். பார்க்கிற நிலையிலா நான் இருந்தேன்? வெலிங்டன் தாண்டி, ஊட்டி தாண்டி, தலைக்குந்தாவில் பிரதான சாலையை விட்டுத் திரும்பிச் சோலூர் சேர்ந்தபோது பதினொரு மணி. ஊட்டியிலிருந்து இருபது கிலோமீட்டர் போல வரும்.

விழா நன்றாக நடந்தது. சாப்பாடு அருமை. மூன்று மணிக்கு விடைபெற்றபோதுதான் வம்பு வந்தது. போஜன் வீட்டில் அன்று காலை காரட் பிடுங்கி மெஷினில் போட்டுக் கழுவியிருந்தார்கள். கழுவிய காரட்டைச் சொட்டச் சொட்ட மூட்டை கட்டி மண்டிக்கு அனுப்புவது அங்கே வழக்கம். அதில் ஒரு மூட்டையை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு காருக்கே வந்துவிட்டார்கள்.

"ஐயோ, இவ்வளவு எதுக்குங்க? நாங்க ரெண்டே பேர்" என்றேன்.

"வீட்டுக்கு வந்தவங்களை வெறுங்கையோட அனுப்பினா ஊரு சிரிக்கும்ங்க" என்றார் போஜன்.

எங்கள் கார் டிக்கியின் பூட்டு திறக்காது. அதனால் மூட்டை பின் சீட்டில் ஏறியது. சீட்டு ஒரு பக்கம் அமுங்கிப்போனது. கீழே தண்ணீர் ஒழுகியதை நானும் பார்த்தேன், பழைய சீட்டுதானே என்று விட்டுவிட்டேன்.

சோலூரை விட்டு நாலைந்து கிலோமீட்டர் வந்திருப்போம். பனி இறங்கிவிட்டது. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் சோலைக்காடு, நடுவில் குறுகலான ரோடு. ஒரு பள்ளத்தில் கார் ஏறி இறங்கியது. அவ்வளவுதான், இன்ஜின் சத்தமே இல்லாமல் அணைந்துவிட்டது. இறக்கம் வேறு. பிரேக்கை அழுத்தினால் கல்லைப்போல இருக்கிறது. இன்ஜின் ஓடாவிட்டால் பிரேக் அப்படித்தான் இறுகும் என்பது எனக்குத் தெரியும், தெரிந்து என்ன செய்ய? இரண்டு காலாலும் மிதித்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மண்மேட்டை ஒட்டி எப்படியோ நிறுத்தினேன்.

இந்த வண்டியோடு குப்பை கொட்டிய இத்தனை வருஷத்தில் அதன் இரைச்சல்கள் எனக்கு அத்துப்படி. சாவியைத் திருப்பியதும் பின் சீட்டுக்கு அடியிலிருந்து 'விர்ர்' என்று ஒரு சத்தம் வரும். அதுதான் பெட்ரோல் பம்ப். திருப்பினேன். மற்ற விளக்கெல்லாம் எரிகிறது, அந்தச் சத்தம் மட்டும் இல்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, பம்புக்கான நீல ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தேன். உள்ளே இருந்த கம்பி எரிந்து கறுத்திருந்தது.

"ஃபியூஸ்தானுங்க, மாத்தினா போச்சு" என்று சொல்லித் திரும்பினேன். அவர் முன்னால் குனிந்து, முழங்காலில் கையை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் விசில் சத்தம் வந்தது. இன்ஹேலரை எடுத்து அழுத்தினார், வாயில் வைத்து உறிஞ்சினார், மறுபடி அழுத்தினார். அதில் ஒன்றும் இல்லை. அப்போதுதான் சட்டைப் பையிலிருந்த சீட்டைக் காட்டினார். கோபம் தலைக்கேறியது. திட்ட வாயெடுத்தவள் அவர் உதட்டு நிறத்தைப் பார்த்துவிட்டு அடங்கிப்போனேன்.

போனில் சிக்னல் இல்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட வழி இல்லை. பெட்டியில் உபரியாக இருந்த நீல ஃபியூஸைப் போட்டேன். பம்ப் 'விர்ர்' என்றது. உயிர் வந்தது. வண்டி பத்தடி நகர்ந்தது, குலுங்கியது, மறுபடி அணைந்தது. ரேடியோவின் ஃபியூஸும் அதே நீலம். அதைப் பிடுங்கிப் போட்டேன். சாவியைத் திருப்பும்போதே போய்விட்டது. அந்த நீலத்தில் இனி எடுக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான், இடது பக்க ஹெட்லைட்டுடையது. வலதையும் எடுத்தால் பனியில் வழி தெரியாது. அதையும் போட்டு எரித்துவிட்டால் வேறு கிடையாது. ஃபியூஸுக்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றி வைக்கலாம் என்றுகூட நினைத்தேன். பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் ஒயர் உருகித் தீப்பிடித்தால்? அந்த நினைப்பிலேயே கை பின்வாங்கிக்கொண்டது.

அவருடைய விசில் சத்தம் இப்போது குறைந்திருந்தது. குறைவது நல்லதில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். காற்று உள்ளே போகாதபோதுதான் அந்தச் சத்தமும் நிற்கும். நான் நடுரோட்டில் நின்று வாய்விட்டு அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

"ஏம்மா, இங்கன நின்னு அழுறீங்க? கீழ மாடு நிக்குது, பார்க்கலியா?"

பனிக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். இடுப்பில் பிளாஸ்டிக் ஷீட்டைச் சுற்றியிருந்தாள், தேயிலை பறிக்கும் பெண்கள் ஈரம் படாமல் கட்டிக்கொள்வது. அவள் காட்டிய பக்கம் பார்த்தேன். தேயிலைக்குள் இரண்டு காட்டெருமைகள் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றன. இத்தனை நேரமும் அங்கேதான் நின்றிருக்கின்றன. காரோடு ஒட்டி நின்றுகொண்டேன்.

"இவருக்கு மூச்சு விட முடியலைம்மா. வண்டியும் நின்னுபோச்சு. பஸ் ஏதும் வருமா?"

"அடுத்த பஸ் ஆறு மணிக்குத்தான்" என்றாள். காருக்குள் எட்டிப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "எங்க எஸ்டேட் லயத்து வீட்டுலயும் ஒருத்தருக்கு இப்பிடி வரும். சாய விடக்கூடாது. நான் பொறத்தால ஏறி நிமித்திப் பிடிச்சுக்கிறேன். நீங்க வண்டியப் பாருங்க. இந்த மூட்டைய எறக்குங்க மொதல்ல, எனக்கு எடமில்ல."

பேர் கேட்டேன், ராசம்மா என்றாள். ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மூட்டையை இழுத்து ரோட்டோரம் தள்ளினோம். அவள் உட்காரப் போனவள் எழுந்துவிட்டாள். "சீட்டு குளமா கெடக்கும்மா."

ஈரம். பின் சீட்டு. மூட்டை ஏறின பிறகுதான் கோளாறு. காலையில் திருப்பூரிலிருந்து வந்தபோது ஒன்றும் இல்லை. கொஞ்சம் முன்னே இது ஏன் தோன்றவில்லை? பயத்தில் புத்தி எங்கே வேலை செய்கிறது!

சீட்டின் அடிப்பாகத்தைப் பிடித்துத் தூக்கினேன். அந்தக் காரில் அது கழன்று வந்துவிடும். அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. பம்புக்குப் போகும் ஒயர் சீட்டின் இரும்புச் சட்டத்துக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. மேலுறை கிழிந்து செம்புக் கம்பி பளபளத்தது. மூட்டையின் பாரத்தில் சட்டம் அதைக் கடித்திருக்கிறது. செம்பு இரும்பில் படும்போதெல்லாம் ஃபியூஸ் எரிந்திருக்கிறது.

சுற்றுவதற்கு டேப் இல்லை. ராசம்மா ஒன்றும் கேட்காமல் தன் இடுப்பு ஷீட்டின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்துக் கொடுத்தாள். முந்தானையால் ஒயரை ஒற்றி எடுத்து, பிளாஸ்டிக்கை இறுக்கிச் சுற்றி, இரும்பு படாத இடத்துக்கு நகர்த்தி வைத்தேன். சீட்டைத் திருப்பி மாட்டவில்லை, அதையும் மூட்டையோடு விட்டுவிட்டோம். ராசம்மா வெறும் தகரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முன் சீட்டுக்கு மேலாகக் கை நீட்டி அவர் தோள்களைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசி நீல ஃபியூஸ். போடும்போது இரண்டு தடவை கீழே விழுந்தது. சாவியைத் திருப்பினேன்.

விர்ர்.

அதை நம்ப முடியாது. முதல் தடவையும் இப்படித்தான் சொன்னது. இன்ஜின் பிடித்தது. ஒற்றைக் கண் வெளிச்சத்தில் பனிக்குள் ஓட்டினேன். ஒவ்வொரு குழியிலும் என் மூச்சு நின்றது. "ராசம்மா, இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "இருக்காருங்கம்மா, ரோட்டைப் பாருங்க" என்று அவளும் சொல்லிக்கொண்டே இருந்தாள். தலைக்குந்தா வந்தது. பெரிய ரோடு வந்தது. அதற்குப் பிறகு ஊட்டி ஆஸ்பத்திரி வாசல்வரை எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

அங்கே இளம் டாக்டர் ஒருவர் அவர் விரலில் கிளிப்பை மாட்டி நம்பரைப் பார்த்தார். உள்ளே பார்த்து நர்ஸைக் கத்திக் கூப்பிட்டார், ஸ்ட்ரெச்சரை அவரே தள்ளிக்கொண்டு ஓடினார். அவர் ஓடியதைப் பார்த்துத்தான் சாவுக்கு எவ்வளவு நெருக்கத்தில் போய்விட்டு வந்திருக்கிறோம் என்று எனக்கு உறைத்தது. ஒரு மணி நேரம் கழித்து மாஸ்க்குக்குள்ளிருந்து என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். வெளியே ஓடிவந்தேன், ராசம்மாவிடம் சொல்ல. அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தாள்.

மூன்றாம் நாள் ஒயரை மாற்றிக்கொண்டு மலை இறங்கினோம். மேட்டுப்பாளையத்தில் வெயில் சுளீரென்று அடித்தது. எங்கள் திருப்பூரில் தெருவுக்கு ஒரு மெக்கானிக், முக்குக்கு ஒரு மருந்துக் கடை. பள்ளமும் இல்லை, பனியும் இல்லை. வீடு வந்து ஒரு வாரம் ஆனது. காலையில் அவர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் நின்றது. வேறு சத்தமும் இல்லை. அடுப்பில் பால் பொங்குவது தெரிந்தும் நான் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் கதவைத் திறந்தார். "இங்க எதுக்கு நிக்கற?" என்றார்.

"சும்மாதானுங்க" என்றேன்.