தோற்றுப் பார்த்த அக்கா

வீடியோ கேம்களுக்கு வயது வரம்பு குறிக்கும் அலுவலகத்தில் என் அக்கா வேலை பார்த்தாள். கேமை விளையாடிப் பார்க்கும்போது மற்றவர்கள் ஜெயிக்கப் பார்ப்பார்கள். அக்கா வேண்டுமென்றே தோற்றுப் பார்ப்பாள். "பிள்ளைங்க முக்கால்வாசி நேரம் தோத்துக்கிட்டுதானே இருக்கும்?" என்பாள்.

ஒரு சூப்பர்ஹீரோ கேம் வந்தது. அடிதடி அதிகம், பதினெட்டு வயதுக்குக் கீழே கூடாது என்று குழுவில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அக்கா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"பன்னிரண்டு வயசுக்கே குடுக்கலாம் சார்."

"ஏம்மா, கண்ணைத் திறந்துக்கிட்டுதான் பாத்தீங்களா?" என்றார் மேலதிகாரி.

"நீங்க ஒரு தடவை தோத்துப் பாருங்க சார்."

"அது எனக்குக் கைவந்த கலையாச்சே!" என்று சிரித்தபடி அவர் விளையாடினார். நாயகன் அடிபட்டு விழுந்தான். ரத்தம் இல்லை, வில்லனின் கெக்கலிப்பும் இல்லை. அவன் முன்பு காப்பாற்றிய கிழவரும் சிறுமியும் ஓடிவந்து அவனைத் தூக்கி நிறுத்தினார்கள். யாரையும் காப்பாற்றாமல் சண்டை மட்டும் போட்டிருந்தால், தூக்கிவிட ஆளே வராது.

மேலதிகாரி கன்ட்ரோலரைக் கீழே வைத்தார். குழு மொத்தமும் பன்னிரண்டுக்குக் கை தூக்கியது.

அன்று மாலை அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினாள்: "இனிமே ஆபீஸ்ல எல்லாரும் தோத்துப் பாக்கணுமாம்டா!"

அவள் அந்த வேலையை விட்டுப் போன பிறகும் அங்கே அப்படித்தான் பார்க்கிறார்கள்.