ஷாயிஸ்தாக்காவின் மணல் பாதை

கொண்டை ஊசியை உருவி டயர் வால்வில் வைத்து அழுத்தும்போதே ஷாயிஸ்தாக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. புஸ்ஸென்று காற்று இறங்குகிறது. நான்கு சக்கரமும் கொஞ்சம் தொப்பை போட்டால்தான், பெரும்பாக்கம் சதுப்பு நிலத்தை ஒட்டிய மணல் பாதையில் ஆம்னி வேன் புதையாமல் போகும்.

அக்காவுக்கு இரும்புலியூரில் தையல்கடை. வண்டி ஓட்டக் கற்றதே ஐம்பதை நெருங்கும்போதுதான். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி ஹாரன் அடித்தால் உள்ளங்கை வியர்த்துவிடும். ஞாயிறுதோறும் வரும் இந்த மணலிலோ மகாராணி. இரண்டாவது கியர், ஒரே சீரான வேகம், பிரேக்கில் கால் படவே கூடாது. "தோணி மாதிரி வுட்டுக்கினே போவணும்" என்பார். கோரைக்குள் நீலத் தாழைக்கோழி ஓடினால் போதும், "இந்தக் கலரு துணி எந்தக் கடையிலயும் கெடைக்கல பாரேன்!" என்று ஸ்டியரிங்கைத் தட்டுவார்.

அந்த ஞாயிறு கணவர் ஜலாலும் வந்தார். காலமெல்லாம் டாக்ஸி ஓட்டியவர். இடப்பக்கம் உட்காருவது அவருக்கு ஆகாது. ஏறும்போதே, "மண்ல மாட்டிக்கினா சாவி என்கிட்ட வந்துடணும். அப்புறம் கேக்கக்கூடாது" என்றார். அக்காவும் ரோஷத்தில் தலையாட்டிவிட்டார்.

வளைவு திரும்பியதும் பூநாரைக் கூட்டம். அவ்வளவு கிட்டத்தில் அக்காவே பார்த்ததில்லை. அந்த நேரம் பார்த்துச் சக்கரம் லேசாக வழுக்கியது.

"பிரேக்கு! பிரேக்கப் புடி!" என்று அலறினார் ஜலால். அந்த அலறலில் அக்காவின் கால் தானாக அமுக்கிவிட்டது. பின்சக்கரம் மணலுக்குள் இறங்கி, சட்டமாக உட்கார்ந்துகொண்டது.

அக்காவுக்கு அழுகை முட்டியது. சாவி போனால் ஞாயிற்றுக்கிழமையே போச்சு. ஆனாலும் இறங்கி, வண்டிக்குள் விரித்திருந்த கால்மிதிகளை உருவிச் சக்கரத்தடியில் செருகினார்.

"நீங்க பின்னால போய்த் தள்ளுங்க."

ஜலால் தள்ளினார். வாரியடித்த மணல் மொத்தமும் அவர் மேல்தான். வண்டி துள்ளி மேடேறியது. பூநாரைகள் தலை தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி சேற்றில் மூக்கை விட்டன.

எஞ்சினை அணைத்துவிட்டு வந்த அக்கா, சொன்ன சொல் தவறாமல் சாவியை நீட்டினார். "இந்தாங்க. மாட்டிக்கிச்சு இல்ல?"

"மாட்டவெச்சது யாரு, நான்தான?" ஜலால் வாயிலிருந்த மணலைத் துப்பினார். சாவியைத் தொடவில்லை. முன்கதவுப் பக்கமே போகாமல், பின்கதவை இழுத்துத் திறந்து, சவாரி ஏறியவர் மாதிரி உள்ளே உட்கார்ந்துகொண்டார்.